கிறிஸ்டியின் லாரிக்குக் காது வைத்த கதை

கொழும்பில் இறங்கிய முதல் நாளே ஒரு கார்க்காரரோடு எனக்குச் சண்டை வந்திருக்கும். வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடப்பதற்காகக் கோடு போட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கோயம்புத்தூரில் அந்தக் கோட்டை நம்பி யாரும் காலை வைப்பதில்லை. அதனால் வண்டிகள் ஓயட்டும் என்று பொறுமையாக நின்றேன். ஒரு கார் வந்து எனக்கு முன்னால் நின்றது. யாரையோ ஏற்றிக்கொள்ள நிற்கிறார் போலிருக்கிறது என்று நான் கடைப் பலகைகளைப் படிக்கத் தொடங்கினேன். அவர் போங்கள் என்று கையைக் காட்டினார். நானும் மரியாதைக்கு, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன். இப்படியே இரண்டு சுற்று. அவருக்குப் பின்னால் நாலைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. கடைசியில் அவர் ஹாரனை லேசாக ஒரு தட்டுத் தட்டினார். எனக்குச் சுருக்கென்றது. அவரை முறைத்துக்கொண்டே கடந்தேன்.

என்னை அழைத்துப்போக வந்திருந்த தர்சினி எதிர்ப்பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மனுசன் ஏசேல்லை. போங்கோ எண்டு சொன்னவர்."

"ஹாரன் அடித்தா சொல்வார்கள்?"

"இஞ்ச அப்பிடித்தான்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஐம்பத்துமூன்று வயதில், அதில் இருபத்தாறு வருடம் மின்னணுப் பொறியாளராகக் குப்பை கொட்டியவளுக்கு உறைக்கவில்லை. அதன் பலனை இரண்டு நாள் கழித்து அனுபவித்தேன்.

நான் போனது ஊர் சுற்ற அல்ல. எங்கள் நிறுவனம் வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பெட்டிகளைச் செய்கிறது. சாப்பாட்டு டப்பா அளவில் இருக்கும். ஒரு வண்டி பிரேக் போட்டாலும், திரும்பினாலும், ஹாரன் அடித்தாலும் அந்தச் சேதி சுற்றியுள்ள வண்டிகளுக்குக் கம்பியில்லாமல் போகும். இது புதிய யோசனை இல்லை. ஆனால் இப்போதுள்ள போன் நெட்வொர்க்கில் அந்தச் சேதி கோபுரம் ஏறி, எங்கேயோ இருக்கிற கணினியைப் பார்த்துவிட்டு, திரும்பி இறங்கி வரவேண்டும். நெரிசலான நேரத்தில் ஒரு விநாடிகூட ஆகிவிடும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி அந்த ஒரு விநாடியில் பதினோரு மீட்டர் ஓடிவிடும். அதற்குப் பிறகு வருவது எச்சரிக்கை இல்லை, விபத்துச் செய்தி. புதிய தலைமுறை நெட்வொர்க்கில் பக்கத்துப் பக்கத்து வண்டிகள் நேராகவே பேசிக்கொள்ளும். தெரு முனைக்கு அப்பால் வருகிற வண்டியைப் பற்றிச் சாலையோரக் கோபுரமே இமைப்பதற்குள் சொல்லிவிடும்.

கொழும்பில் இதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பைத் தர்சினி எடுத்திருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளவத்தையில் வீடு, வேலையில் கெட்டிக்காரி. நாங்கள் ஒரு வருடமாகத் திரையில் முகம் பார்த்துப் பேசியவர்கள். நேரில் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "சாப்பிட்டிட்டீங்களோ?"

பக்கத்துக் கடையில் உட்கார்ந்ததும் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் என்று பத்துப் பன்னிரண்டு உருப்படிகள். விருந்தாளிக்கு வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாதே என்று நான் வரிசையாகத் தின்றுகொண்டே போனேன். ஏழாவதில் மூச்சு முட்டியது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டால் மீதியை அவர்களே திரும்ப எடுத்துப்போவார்கள் என்பதைத் தர்சினி அப்போதுதான் சொன்னாள்.

"நீங்கள் நல்ல பசியில இருக்கிறியள் எண்டு நினைச்சன் அக்கா."

இரவு இடியப்பமும் சொதியும் வாங்கித் தருகிறேன் என்றாள். கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் இரத்மலானையில் ஒரு பழைய தொழிற்சாலையின் காலி முற்றத்தில் சோதனை. அங்கேதான் கிறிஸ்டியைப் பார்த்தேன். கொட்டாஞ்சேனைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருடம் ஒரே முதலாளியின் லாரியை ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய செவியைக் கொண்டுபோய்விட்டது. இடது காது முழுசாகப் போயிற்று. வலது காதில் கருவி வைத்தால் கொஞ்சம் கேட்கும். மற்றதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

முதலாளி அவரைக் கைவிடவில்லை. ஆனால் லாரியைக் கொடுக்கவும் இல்லை. ஸ்டோரில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்த்தி வைத்திருந்தார்.

"சம்பளம் ஒழுங்கா குடுக்கிறார் மிஸ், அதுல ஒரு குறையும் சொல்ல ஏலாது," என்றார் கிறிஸ்டி. "ஆனா முந்தி எல்லாரும் ட்ரைவர் ட்ரைவர்னு கூப்பிடுவாங்க தானே. இப்ப ஸ்டோர்ல யாரும் ஒண்ணுமே கூப்பிடுறதில்ல. கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காதுன்னு விட்டுட்டாங்களோ தெரியல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவச் சோதனை, உரிமத்துக்கான கேள்விகள் எல்லாவற்றையும் அவர் முடித்துவிட்டார். இறங்காமல் இருந்தது முதலாளியின் மனம் ஒன்றுதான். அவர் தன் நான்கு லாரிகளையும் தன் காரையும் எங்கள் சோதனைக்குக் கொடுத்ததே கிறிஸ்டி கெஞ்சியதால்தான். கூடவே கறாராக ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். சோதனை ஓட்டம் நல்லபடியாக முடிந்தால் கிறிஸ்டிக்கு லாரி. முடியாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது.

கிறிஸ்டியின் இருக்கைக்குள் அதிரும் சில்லுகள் மூன்றைப் பொருத்தினோம். இடப்பக்கத்து வண்டி ஹாரன் அடித்தால் இடது தொடையில் அதிரும், வலப்பக்கம் என்றால் வலது தொடையில், பின்னால் என்றால் முதுகில். முற்றத்தில் எல்லாம் பிரமாதமாக வேலை செய்தது. மற்ற லாரிகள் நாலா பக்கமும் நின்று ஹாரனை அலறவிட்டன. ஒவ்வொரு முறையும் கிறிஸ்டி சரியான பக்கம் கையைக் காட்டினார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதல் கேள்வியே படித்த கேள்வியாக வந்துவிட்ட பிள்ளையின் முகம்.

திரும்பும்போது எனக்கு ஆட்டோ கிடைத்தது. சிங்களத்தில் ஓட்டுநரும், தமிழில் நானும், கை விரல்களில் இருவரும் பேசிக்கொண்டே வந்தோம். நடுவழியில் மழை பிடித்தது. அவர் இறங்கி எனக்காக இரண்டு பக்கமும் திரையை இழுத்துக் கட்டினார். உள்ளே இருட்டாகிவிட்டது. அவர் வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டிக் கொண்டுபோய் ஹெவ்லொக் டவுனில் இறக்கிவிட்டதை, திரையை விலக்கிய பிறகுதான் கண்டேன். நனைந்தபடி நடந்தாலும் மனசு நிறைந்திருந்தது. நாளைக்கு வெற்றி என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை முதலாளியே வந்தார். நிஸாம் ஹாஜியார். வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற வாய்; அதில் 'இருக்கு' 'ஈக்கி' ஆகிவிடும். கிறிஸ்டி ஓட்ட, நடுவில் ஹாஜியார், ஓரத்தில் நான். பின்னால் நிமல் என்கிற சிங்கள ஓட்டுநர் இன்னொரு லாரியில் வந்தார். பம்பலப்பிட்டி வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. அங்கே நிறுத்தத்துக்கு வெளியே ஒரு பஸ் நின்றது. அதைச் சுற்றிப் போக கிறிஸ்டி கண்ணாடியைப் பார்த்தார், வலப்பக்கம் ஒதுங்கினார். அதே நேரம் நிமலின் லாரி கண்ணாடியில் தெரியாத மூலையிலிருந்து முந்திக்கொண்டிருந்தது. கிறிஸ்டியின் இருக்கையில் எந்த அதிர்வும் இல்லை. டமார் என்று ஒரு சத்தம். எங்கள் வலப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கிறிஸ்டியின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. லாரி குலுங்கியதும் எங்கள் முகமும் சொல்லியிருக்கும்.

ஹாஜியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"போதும். எறங்கு கிறிஸ்டி. மிஸ், ஒங்கட பெட்டி நல்லதா ஈக்கலாம். எனக்கு இவன்ட உசுரும் வேணும், ரோட்டுல போறவன்ட உசுரும் வேணும். இனி இந்தக் கத வேணாம்."

கிறிஸ்டி உதட்டைப் படித்துவிட்டார். இறங்கி, உடைந்த கண்ணாடியை ஒரு துணியில் பொறுக்கிக் கட்டினார். பிறகு பஸ் பிடிக்கப் போய்விட்டார். காரணம் தெரியாமல் தோற்பதைப் போல ஒரு பொறியாளருக்குக் கேவலம் வேறு இல்லை.

அன்று மதியம் தர்சினியின் வீட்டில் இரண்டு பேரும் சோறுகூடச் சாப்பிடாமல் பதிவுகளைத் தோண்டினோம். நிமலின் பெட்டியிலிருந்து சேதி வந்திருந்தது. தாமதமே இல்லை. நெட்வொர்க் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறது. சேதி கிறிஸ்டியின் பெட்டிக்குள் போய் அங்கேயே செத்திருந்தது.

"வந்த சேதியை ஏன் அக்கா உங்கட பெட்டி எறிஞ்சது?"

நான் பதிவை மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

நான்காம் நாள் காலை, மன்னிப்புக் கேட்கத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன வீடு. கிறிஸ்டியின் மனைவி ரீட்டா இஞ்சி போட்ட தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். என் மேல் ஒரு கோபமும் இல்லாத முகம். அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நிமல் ஹோன் அடிச்சானா இல்லயா மிஸ்?" என்று கேட்டார் கிறிஸ்டி.

நிமலுக்குப் போன் போட்டு ரீட்டாவைச் சிங்களத்தில் கேட்கச் சொன்னேன். அவர் பதிலை ரீட்டா அப்படியே தமிழில் சொன்னார். "ரெண்டு தரம் தட்டினாராம். கிறிஸ்டி அண்ணனுக்கு அது போதாதான்னு கேக்கிறார்."

"தட்டினாரா? அழுத்திப் பிடிக்கவில்லையா?"

கிறிஸ்டி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அழுத்திப் பிடிச்சா அது ஏச்சு மிஸ். சண்டைக்கு வர்ற மாதிரி. நிமல் என்கூடப் பதினஞ்சு வருசம் ஓடினவன், என்னய ஏசுவானா? இங்க பாருங்க." மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "இது, நான் இங்க இருக்கேன்." இரண்டு தட்டு. "இது, முந்தப் போறேன், இடம் தாங்க." முந்திப் போன பிறகு இன்னொரு சின்னத் தட்டு. "இது தேங்க்ஸ்." அப்புறம் உள்ளங்கையை மேசையில் பலமாக ஊன்றிப் பிடித்தார். "இது, கண்ணு தெரியாதாடா ஒனக்கு."

ரீட்டா சொன்னார், "காது போன நாள்ல இருந்து என்னய கூப்பிடவும் மேசையத்தான் தட்டுறார் மிஸ். நானும் கொழுத்த லொறி மாதிரி ஒதுங்கி நிக்கிறேன்."

கோயம்புத்தூரில் அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதியவள் நான். அவிநாசி சாலையில் முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது இருக்கை அரைமணி நேரம் இடைவிடாமல் அதிர்ந்தது. எங்கள் ஊரில் ஹாரன் அடிப்பது மூச்சு விடுவது மாதிரி. காரணமே வேண்டாம். அதனால் ஒரு விநாடிக்குக் குறைவான ஹாரன் எல்லாம் வெறும் சத்தம், தூக்கி எறி என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை எழுதியதையே மறந்துவிட்டேன். கொழும்புக்காரர்கள் பேசுகிற பேச்சு முழுவதும் அந்த ஒரு விநாடிக்குள்ளேதான் இருக்கிறது. காது கேட்காத மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

"தப்பு உங்களுடையது இல்லை கிறிஸ்டி. என்னுடையது," என்றேன், உதடு நன்றாகத் தெரியும்படி.

"அப்ப திருத்த ஏலுமா?"

ஏலும் என்றேன். அந்தச் சொல்லை என் வாயிலிருந்து கேட்டு ரீட்டாவுக்கு ஒரே சிரிப்பு.

ஒரு வரியை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அழித்தால் மட்டும் போதாது. ஒரு தட்டுக்கு ஒரு அதிர்வு, இரண்டுக்கு இரண்டு, நீண்டதுக்கு நீண்டது என்று கிறிஸ்டி சொல்லச் சொல்ல எழுதினேன். பிற்பகல் தர்சினி ஒரு லாரியைக் கொண்டுவந்து சந்து முனையில் நிறுத்தினாள். கிறிஸ்டி ஹாரனைத் தட்ட, நான் இருக்கையில் உட்கார்ந்து தொடையால் எண்ணினேன். அரை மணியில் அக்கம்பக்கம் முழுவதும் சன்னலுக்கு வந்துவிட்டது. "யாருக்குக் கல்யாணம்?" என்று ஒரு பெண்மணி மாடியிலிருந்து கேட்டார்.

அங்கிருந்து ஹாஜியாரின் ஸ்டோருக்கு ஓடினேன். வாசலில் கால் வைத்ததுமே மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. நியாயத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், தும்மல்தான் வருகிறது.

"தும்மி முடிச்சிட்டு செல்லுங்க," என்றார் ஹாஜியார். சொல்லுங்கள் என்பதுதான் அவர் வாயில் அப்படி வரும்.

ஒன்பது தும்மலுக்குப் பிறகு சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார், "இந்த அஞ்சு வண்டிக்கும் பெட்டி ஈக்கி. ரோட்டுல மத்த வண்டிக்கெல்லாம்?"

சரியான கேள்வி. பொய் சொல்ல முடியாது. "இப்போதைக்குக் கிறிஸ்டியின் கண்ணும் கண்ணாடியும்தான். ஐந்து வண்டிக்கு மட்டும் இன்று காது வைத்திருக்கிறோம். ஆனால் புது நெட்வொர்க் ஊர் முழுவதும் வந்து, வண்டிகள் தயாராகும்போதே இந்தப் பெட்டியோடு வர ஆரம்பித்தால், ஒவ்வொரு வண்டியும் அவரிடம் பேசும். அதுவரை கூட்டமான நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரட்டும். அவரை ஸ்டோரில் வைத்துவிட்டு அந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்."

ஹாஜியார் மூட்டையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் கிள்ளினார்.

"அந்தக் கண்ணாடி ஒடஞ்சது?"

"என்னால்."

"நாளைக்கு ஒரு தரம். நான் வர ஏலா, வேல ஈக்கி."

வர மாட்டேன் என்றது எனக்கு நெஞ்சில் தைத்தது. மனசு விட்டுப்போனவர் சொல்கிற சொல்லாக அது எனக்குப் பட்டது. கிறிஸ்டியிடம் நான் அதைச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து கிளம்பினோம். கிறிஸ்டியும் நானும் முன்னால். பின்னால் நிமலின் லாரி, அதில் தர்சினி. பம்பலப்பிட்டியில் அதே இடத்தில், வேண்டுமென்றே நிமலை முந்தச் சொல்லியிருந்தேன். கிறிஸ்டியின் உடம்பு லேசாக நிமிர்ந்தது. இரண்டு விரலை எனக்குக் காட்டிவிட்டு இடப்பக்கம் ஒதுங்கினார். நிமல் முந்திப் போனார். கிறிஸ்டி மறுபடியும் ஒரு விரலைக் காட்டிச் சிரித்தார். "தேங்க்ஸ் சொல்றான் மிஸ்!"

அங்கிருந்து இறங்கிக் கடலோரமாகப் போகிற மரைன் டிரைவுக்கு வந்தோம். வலப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல். சன்னல் வழியே உப்புக்காற்று. நிமல் முன்னால் போய்விட்டார். எங்கள் பின்னால் பெட்டி உள்ள வண்டி எதுவும் இருக்கக் கூடாது. அப்போது கிறிஸ்டி மறுபடியும் இரண்டு விரலைக் காட்டினார்.

"யாரோ பின்னால இடம் கேக்கிறாங்க."

மறுபடியும் ஏதோ கோளாறு, இல்லாத வண்டியைப் பெட்டி சொல்கிறது என்றே நினைத்தேன். கிறிஸ்டி கண்ணாடியைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

"முதலாளி," என்றார் மெதுவாக.

ஹாஜியாரின் கார்தான். கொட்டாஞ்சேனையிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. கிறிஸ்டி ஒழுங்காக ஒதுங்கி இடம் கொடுத்தார். கார் எங்களைத் தாண்டி வெள்ளவத்தைப் பக்கம் போய் ஓரமாக நின்றது. ஹாஜியார் இறங்கி, கையை நீட்டி எங்களையும் நிறுத்தச் சொன்னார். நடந்து வந்து என் பக்கத்துச் சன்னலில் நின்றார். அவர் உதடு கிறிஸ்டிக்குத் தெரியட்டும் என்று நான் இருக்கையோடு ஒட்டிக்கொண்டேன்.

"ரெண்டு தரந்தான் தட்டினேன்," என்றார் ஹாஜியார் என்னிடம். பிறகு கிறிஸ்டியைப் பார்த்தார். "நாளைக்கி எத்தின மணிக்கி லொறிய எடுக்கிற?"

"வெளங்கல்ல முதலாளி," என்றார் கிறிஸ்டி.

ஹாஜியார் சன்னலுக்குள் தலையை நீட்டி, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நாளைக்கி. எத்தின மணிக்கி. லொறிய எடுக்கிற, ட்ரைவர்?"

"அஞ்சு மணிக்கு."

"நாலரைக்கி வா. பக்கத்துல நிமல் இருப்பான்." அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போய்விட்டார்.

கார் கண்ணை விட்டு மறையும் வரை கிறிஸ்டி லாரியைக் கிளப்பவில்லை. நான் அவர் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பி, "முதல் தடவை அவர் சொன்னது சரியாகத் தெரியவில்லையா? நான் மறைத்துவிட்டேனா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ், மொத தரமே நல்லா வெளங்கிச்சு," என்றார் கிறிஸ்டி. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தரம் அவர் சொல்றதப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."